கழற்றிப் பூட்டும் துவக்கு

அந்தக் கோடை முழுக்க என் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. துவக்கின், அதாவது துப்பாக்கியின், குழலைக் கழற்றித் திரும்பவும் பூட்டினால் குறி பிசகுமா, பிசகாதா? நான் நியூசிலாந்தில், ஹென்டர்சன் என்ற இடத்தில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு தலைமயிர் அளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைகிறவன். அப்படிப்பட்டவன் இந்த ஒரு கேள்விக்கு ஐந்து பேரிடம் ஏழு பதில் வாங்கி வைத்துக்கொண்டு முழித்தேன்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. கிளென் ஈடனில் ஒரு வாடகை வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் முடியவில்லை. இந்த லட்சணத்தில் எனக்கு ஏன் துவக்கு என்று கேட்பீர்கள். கோப்பை கழுவிக் கழுவி வந்த ஆசை அது.

பட்டறை ஃபோர்மன் ஒரு வெள்ளைக்காரர். நல்ல மனிதர், சும்மா சொல்லக்கூடாது. நீண்ட வாரவிடுமுறை வந்தால் பட்டறையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்குப் போய்க் கூடாரம் அடிப்பார். கார் நிற்கிற இடத்திலிருந்து ஆற்றோரமாக ஆறேழு மணி நேரம் நடை. கடை கிடையாது, வீடு கிடையாது, மனித வாடையே கிடையாது. என்னையும் கூப்பிட்டார், போனேன். விடியற்காலையில் அவர்கள் துவக்கோடு போவார்கள். நான் நெருப்பைப் பார்த்துக்கொள்வேன். முயலோடு திரும்பி வருவார்கள். நான் கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டுக் கறி வைப்பேன். கண்ணீரும் மூக்குச்சளியும் ஒழுக ஒழுகப் பாராட்டிச் சாப்பிடுவார்கள். பிறகு கோப்பை கழுவுவதும் நான்தான். மூன்றாம் முறை போனபோது அவர்களில் ஒருவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், சாப்பிட்ட தட்டை என் பக்கம் தள்ளி, "அதை நம்முடைய குக் பார்த்துக்கொள்வார்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துப்போகும், காது சிவக்கும். அன்றைக்கு இரண்டும் நடந்தது. தட்டைக் கழுவினேன். கழுவி முடித்துவிட்டு, "அடுத்த முறை நானும் துவக்கோடு வருவேன்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், முயலைச் சுட்டுத் தின்ன எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடமாட்டேன். பிறகு யாருக்காக அந்தத் துவக்கைத் தேடி அலைந்தேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

கழற்றிப் பூட்டுகிற துவக்குதான் வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அவர்களிடம் வண்டி இருந்தது, நீளத் துவக்கை அப்படியே படுக்கப் போட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு ரயிலும் பஸ்ஸும்தான். கிளென் ஈடன் ஸ்டேஷனில் நான் தோளில் துவக்கோடு நின்றால் எதிரே நிற்கிற கிழவி என்ன நினைப்பாள்? இரண்டு துண்டாகக் கழற்றித் துவாயில் சுற்றி முதுகுப்பைக்குள் வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. காட்டுக்குள்ளும் அதுதான் வசதி, பற்றையில் சிக்காது, ஆறு கடக்கும்போது கை இரண்டும் சும்மா இருக்கும்.

சிட்டியில் இருந்த கடையில் மூன்று வகை காட்டினார்கள். மூன்றும் முயலுக்குப் போதுமான சின்னத் துவக்குகள். முதலாவது, குழலும் குண்டு போடுகிற மகசினும் பின்கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் என்றான் கடைக்காரன். கையில் எடுத்தால் பாரமே இல்லை, விளையாட்டுச் சாமான் போல இருந்தது. விசையை அழுத்த அழுத்தத் தானாகவே அடுத்தடுத்து வெடிக்கும், ஆனால் கொஞ்சம் மண் பட்டாலும் திக்கும் என்று பட்டறையில் சொன்னார்கள். இரண்டாவது, பழைய பாணி. மரக்கட்டைக்குக் கீழே பெரிய திருகு ஒன்று. அதைக் கையாலேயே சுழற்றினால் குழல் தனியாகக் கழன்று வரும். பாரம் கூட, ஆனால் சேற்றில் போட்டு எடுத்தாலும் வேலை செய்யும். மூன்றாவது நடுவில் மடியும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வெடிதான். ஃபோர்மன் அதுதான் நல்லது என்றார். ஒரு குண்டுதான் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதன் யோசித்துச் சுடுவானாம். கடைக்காரன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

குறி விசயத்தில்தான் மண்டை காய்ந்தது. குறிபார்க்கும் முனை குழலிலேயே இருந்தால் எத்தனை முறை கழற்றினாலும் பிசகாது என்றான் கடைக்காரன். நியாயம்தான், எனக்கும் விளங்கியது. ஆனால் தொலைநோக்கி வைத்தால் அது பின்பக்க உடலில் அல்லவா பூட்டப்படும்? குழல் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், பிறகு எப்படிப் பிசகாமல் இருக்கும்? கண்ணாடி வேண்டாம் என்றான் ஒருவன், கண்ணாடி இல்லாவிட்டால் முயலின் காதைக்கூடக் காணமாட்டாய் என்றான் இன்னொருவன். நான் கொப்பியில் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினேன். எழுத எழுதக் குழப்பம் கூடியது.

கடையில் தந்த துவக்குப் படப் புத்தகங்களும் என் கொப்பியும் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தன. ஒளிக்கவில்லை. மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்தாள். ஒருநாள் மத்தியானம் நித்திரையால் எழும்பி வந்து, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு படங்களைப் புரட்டினாள்.

"இதென்னப்பா, ரெண்டாக் கழண்டு கிடக்கு?"

"கழட்டிப் பைக்குள்ள வைக்கலாம். ஆருக்கும் தெரியாது. அதுதான் இதில விசேசம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விசரே உங்களுக்கு? நெடுந்துவக்கு எண்டாலும் வேட்டைக்கு எண்டு சொல்லலாம். கழட்டி ஒளிக்கிற துவக்கை என்னத்துக்கு எண்டு சொல்லுவியள்?"

"சும்மா பார்க்கிறன், வாங்கப் போறதில்லை" என்றேன். அவள் நம்பினாள். அதற்கு முதல் மாதம் இப்படித்தான் நான் படகுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அப்போது வேறு கவலை. அவளுடைய தம்பி ஊரில் இருந்தான், பத்தொன்பது வயது, இயக்கத்துப் போராளி என்று ஆமி சந்தேகப்படுகிற வயது. இலங்கை ஆமி அவனை இரண்டு முறை பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டிருந்தது. மூன்றாம் முறை விடுவார்கள் என்று ஒருவரும் நம்பவில்லை. அவனை இங்கே எடுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தோம். அவனுடைய பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, பள்ளிக்கூட அதிபரின் கடிதம் எல்லாவற்றையும் கொழும்பு வழியாக வந்த ஒருவர் தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். எல்லாம் மூலப்பிரதி. வியாழக்கிழமை குடிவரவு அலுவலகத்தில் கையளிக்க நாள் கிடைத்திருந்தது. அவள் அந்தக் கடித உறையைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். வேலைக்குப் போகும்போது, "நீங்கள் அதிலயே படுங்கோ" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள்.

துவக்கு வாங்க இந்த நாட்டில் முதலில் லைசென்ஸ் வேண்டும். வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். பிறகு ஃபோர்மன்தான் சொன்னார், பொலிஸ் வீட்டுக்கு வருமாம். துவக்கை எங்கே பூட்டி வைப்பாய் என்று பார்ப்பார்களாம். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரிடம் துவக்கு இருக்கிறதில் உனக்குச் சம்மதமா?" என்று கேட்பார்களாம்.

மனைவியைத் தவிர இன்னொருவரும் நான் நல்லவன் என்று பொலிஸிடம் எனக்காகச் சொல்ல வேண்டும். ஹில்ஸ்பரோவில் இருந்த மலேசியத் தமிழ் நண்பர் ஒருவரைக் கேட்டேன். கணக்காளர், ஈப்போக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கேட்டதும் அரண்டுவிட்டார்.

"துப்பாக்கியா? என்னா அண்ணே இது? எங்க ஊர்ல இதுக்குத் தூக்கு தெரியுமா, தூக்கு! என் பேரப் போலீஸ்ல எழுதணுமா?"

"இஞ்ச அப்பிடி இல்லை. ஃபோர்மனே வைச்சிருக்கிறார்."

அரை மணித்தியாலம் கெஞ்சின பிறகு சரி என்றார். வாசல் வரை வந்தவர் மெதுவாக, "தங்கச்சிகிட்டப் பேசிட்டீங்கல்ல? போலீஸ் வீட்டுக்கு வருவான்ல?" என்று கேட்டார்.

"ஓம், சொல்லிட்டன்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவள் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பாள், அல்லது நித்திரையில் இருப்பாள், அல்லது தம்பியின் கடிதத்தை வாசித்து அழுதுகொண்டிருப்பாள். இந்த நேரத்தில் போய் பொலிஸ், துவக்கு என்று வாயைத் திறக்க முடியுமா? வியாழன் முடியட்டும், பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்து ஆறுதலாகச் சொல்வோம் என்று இருந்தேன். வருவதற்கு முன் பொலிஸ் ஒரு போன் அடிக்கும் என்றுதான் நம்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணி இருக்கும். ஃபோர்மன் கூப்பிட்டு ரிசீவரைத் தந்தார். மனைவி. குரல் தணிந்து, மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

"பொலிஸ் வந்தது. உங்களைத் தேடி. யூனிபோமோட. இல்லை எண்டன். நாலு மணிக்குத் திரும்ப வருமாம். நீங்கள் வீட்டை வராதேங்கோ. பஸ் எடுத்து ஹில்ஸ்பரோவுக்கு, உங்கட சிநேகிதர் வீட்டை போங்கோ."

"ஐயோ, அது ஒண்டுமில்லையப்பா. துவக்கு விசயமா வந்திருப்பினம்…"

போன் வைக்கப்பட்டுவிட்டது. துவக்கு என்ற சொல்லோடு வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், அடித்தேன், எடுக்கவில்லை. ஃபோர்மனிடம் சொன்னேன். "நல்ல விசயம்தானே, பொலிஸ் வந்தால் லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும்" என்றார். அவருக்கு எப்படி விளக்குவது? ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம். நடந்தால் எத்தனை நேரம், பஸ் எத்தனை மணிக்கு, ஒன்றும் புத்தியில் ஏறவில்லை. ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த நேரத்திலும் மனம் மடத்தனமாக அந்தத் திருகுத் துவக்கைத்தான் நினைத்தது. என்னை நானே செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே கண்டேன். இங்கே பெப்ரவரிதான் கோடை, வெயில் கொளுத்துகிறது, எங்கள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி கொடியில் உடுப்புப் போட்டவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி குளிர்காய்கிற கணப்புக்கு முன்னால் தரையில் இருந்தாள். முகம் எல்லாம் வேர்வை. கையில் ஒரு கரண்டி, சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் கடித உறை, வெறுமையாக. அதையும் என் கண்ணுக்கு முன்னால் உள்ளே தள்ளினாள். மேசையில் என் துவக்குப் படங்களும் கொப்பியும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

"என்ன செய்தனீர்?" என்று கத்தினேன்.

"தம்பியின்ர எல்லாம் எரிச்சாச்சு. கடிதம், படம், சேர்ட்டிபிக்கற், எல்லாம். ஒண்டும் மிச்சமில்லை." பயத்திலும் ஒரு திருப்தி இருந்தது அந்தக் குரலில். வேலை சரியாக முடித்த ஆளின் குரல்.

"பிறப்புச் சான்றிதழையுமா?"

"அதிலதானே வயசு இருக்கு."

எனக்கு ஏசவும் முடியவில்லை. ஊரில் சுற்றிவளைப்பு என்றால் முதலில் செய்கிற வேலை அதுதான். ஆமி ஜீப் ஒழுங்கை முனையில் நிற்கும்போதே, வாலிபப் பெடியனின் பெயர் இருக்கிற கடதாசி எல்லாம் அடுப்புக்குள் போய்விடும். துவக்கு பிடிபட்டால் வீட்டு ஆம்பிளையோடு போகும், பெடியனின் பெயர் பிடிபட்டால் பெடியனையும் தேடிப் போவார்கள். அவள் வீட்டில் அப்படி இரண்டு முறை எரித்திருக்கிறார்கள். அவளுடைய கை தானாகவே செய்திருக்கிறது.

"அப்ப இந்தப் படங்களை ஏன் விட்டனீர்?" என்று மேசையைக் காட்டினேன்.

"அதுக்குத்தானே அவன் வாறான். அதுவும் இல்லாட்டி வீட்டைக் கிண்டுவான்."

அப்போதுதான் சொன்னேன். லைசென்ஸ், வகுப்பு, சோதனை, பொலிஸ் ஏன் வருகிறது, எல்லாம். அவள் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"அப்ப என்னைக் கேட்கத்தான் வந்தவனோ?"

"ஓம்."

"அதுக்கு முதல் நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேலாமப் போச்சே." சாம்பலைப் பார்த்தாள். "வியாழக்கிழமை என்னத்தைக் கொண்டு போறது?"

பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. நாலு மணி, நிமிடம் பிசகவில்லை.

வந்தவர் நடுத்தர வயது, கையில் துப்பாக்கி இல்லை, ஒரு ஃபைல் மட்டும். சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். கணப்பைப் பார்த்து, "இந்த வெயிலும் உங்களுக்குக் குளிரா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், பேயறைந்தவன் மாதிரி. துவக்கு வைக்கப்போகிற அலமாரியைக் காட்டினேன், பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு, மன்னிக்கவும், மனைவியோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசவேண்டும் என்றார். பின்வாசலால் இறங்கி உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் நின்றேன். யன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

உங்கள் கணவர் கோபக்காரரா என்று கேட்டார். இல்லை என்றாள். அடிப்பாரா? இல்லை. குடிப்பாரா? இல்லை. அவரிடம் துவக்கு இருப்பதில் உங்களுக்குப் பயம் இருக்கிறதா? "இல்லை, சேர்" என்றாள். அந்த "சேர்" என் காதில் சுட்டது. பயம் இருக்கிறது என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுதிக்கொண்டு போயிருப்பார், வேறு ஒன்றும் நடந்திருக்காது. யூனிபோம் போட்டவனிடம் புருசனைப் பற்றி ஒரு குறையும் சொல்லக்கூடாது என்று பழகின வாய் அது. நான் உள்ளே போய் எல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காலைத் தூக்கவில்லை.

கடைசியாகக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், பேனையை மூடுகிற நேரத்தில். வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா, அல்லது வந்து தங்கப் போகிறார்களா? அண்ணன், தம்பி யாராவது?

"எனக்குச் சகோதரர்கள் இல்லை" என்றாள் மனைவி. தெளிவான இங்கிலீஷ். "ஒருவரும் இல்லை, சேர். நான் தனிப் பிள்ளை."

அவர் அதை எழுதினார். பேனை கீறுகிற சத்தம்கூடக் கேட்டது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்க வழியில்லை.

வியாழக்கிழமை வெறுங்கையோடு போனோம். புதுப் பிரதி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஊரில் அந்தப் பிரதியைத் தரவேண்டிய அரசாங்க அலுவலகமான கச்சேரி பூட்டியிருந்தது, திறந்தது, திரும்பவும் பூட்டியது. லைசென்ஸ் தபாலில் வந்தது. ஆயுளுக்கும் செல்லும் என்று போட்டிருந்தது. நான் துவக்கு வாங்கவில்லை, காட்டுக்கும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஃபோர்மன் கேட்டபோது முதுகு வலி என்றேன். பிறப்புச் சான்றிதழின் பிரதி எங்கள் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தம்பி காத்திருந்து களைத்து, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஓர் ஏஜென்டைப் பிடித்துப் புறப்பட்டுவிட்டான். நான்கு மாதம் அவன் எந்த நாட்டில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அந்த நான்கு மாதமும் மனைவி வேலைக்குப் போனாள், சமைத்தாள், என்னோடு அளவாகக் கதைத்தாள். ஒருநாளும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து போன் வந்தது. அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அவன் சத்தமாகக் கதைத்தான், எனக்கும் கேட்டது.

"அக்கா, நியூசிலாந்துப் பேப்பருக்கு என்ன நடந்தது? ஒரு வருசமா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தன்."

அவள் கண்ணைத் துடைத்தாள். "அத்தான் துவக்கு வாங்க வெளிக்கிட்டவர் தம்பி. அதில போச்சு."

மறுமுனையில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிக்கிற மனிதனின் சிரிப்பு. "அக்கா, உங்கட பகிடி இன்னும் போகேல்லை" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்கோ. நீங்களே சொல்லுங்கோ."

வாங்கினேன். "சாப்பிட்டியோ தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.